கொக்கித் தராசு பேசும் வரை

அண்ணன் கடைசியாகச் செய்த காரியம், பட்டறைக் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தது. அடித்து முடித்தபின் ஓர் அட்டையில் 'ஈரம், தொடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அதை ஒட்டுவதற்கு வாகாகக் கதவிலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "அட்டையை முதல்ல நீ படிச்சிருக்கலாம்ணா."

அவர் பச்சை முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கலர்..." என்று ஆரம்பித்தார். அண்ணன் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் ஒரு டம்ளர் டீ ஆறிவிடும். நடுவில் நின்று, ஜன்னலைப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, சாவகாசமாக மிச்சத்துக்கு வருவார். "...எனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்று முடித்தார்.

வீட்டுக்குப் போனார், சாப்பிட்டார், படுத்தார். காலையில் அண்ணி எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். எந்த விஷயத்திலும் அவசரப்படாத மனிதர் அந்த ஒன்றில் மட்டும் முந்திக்கொண்டார்.

பட்டறை என்பது இரண்டு அறை. தராசு, மீட்டர், அச்சு இயந்திரம் போன்ற பழைய சாதனங்களைக் கம்ப்யூட்டரோடு பேச வைப்பதுதான் அங்கே தொழில். கம்பி, பெட்டி, பற்றவைப்பு எல்லாம் தங்கையின் பங்கு. புரோகிராம் எழுதுவது அண்ணனுடையது. அவளுக்கும் எழுதத் தெரியும். ஆனால் அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் உப்பு இரண்டு தரம் விழும் என்று அந்தப் பக்கம் போகமாட்டாள். இப்போது அடுப்படியில் அவள் மட்டும்தான் நின்றாள்.

காரியமெல்லாம் முடிந்து பட்டறையைத் திறந்த வாரமே சலவை ஆலை மேனேஜர் போன் செய்தார்.

"மேடம், துக்கத்துல இருக்கீங்க, தெரியும். ஆனா ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க. இதைப் போன்ல சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

அது பெரிய ஆலை. ஊரில் இருக்கிற ஹோட்டல், ஆஸ்பத்திரி, விடுதி எல்லாவற்றின் அழுக்கும் அங்கேதான் வந்து சேரும். வாசலுக்கு அருகே, கூரைத் தண்டவாளத்திலிருந்து ஒரு கொக்கித் தராசு தொங்கும். அந்த இடம் முழுக்கக் கேப்டனின் ராஜ்ஜியம். கேப்டன் என்பது பட்டப்பெயர். கழுத்தில் விசிலும் இடுப்பில் கையுமாக நிற்கும் மேற்பார்வையாளர் அம்மாள். மூட்டை வந்ததும் சுவரில் இருக்கும் கீபேடில் வாடிக்கையாளரின் எண்ணை அழுத்துவார். தராசு அந்த எண்ணை அப்போதே கம்பியில் அனுப்பிவிடும். அப்புறம் மூட்டையைக் கொக்கியில் மாட்டுவார்கள். ஆட்டம் அடங்கியதும் தராசு எடையை அனுப்பும். முதலில் எண், பிறகு எடை. அண்ணனின் புரோகிராம், அந்தக் கம்பி கம்ப்யூட்டரில் வந்து சேரும் சீரியல் போர்ட்டில் காதை வைத்து இரண்டையும் வாங்கி, நெட்வொர்க் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குப் பரிமாறும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். எண்ணை அழுத்திவிட்டு, லாரிக்காரன் கூப்பிட்டான் என்று மூட்டையை மாட்டாமலே யாராவது போய்விட்டால் புரோகிராம் எடைக்காகக் காத்திருக்கும். எவ்வளவு நேரம்? வருகிறவரை. அது தராசின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் ஆபீஸிலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பாது. ஒரே ஆள், ஒரே காது. அத்தனை திரைகளும் கல்லாய்ச் சமைந்துவிடும்.

"அப்போ என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் தங்கை.

மேனேஜர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் கூரையைப் பார்த்தார்.

"காட்டுங்கம்மா, வெக்கப்படாதீங்க" என்றார் மேனேஜர்.

கேப்டன் விசிலை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்து, காலை மடக்கித் தொங்கினார். தராசு அவரை நிறுத்து, எடையைக் கம்பியில் அனுப்பியது. ஆபீஸிலிருந்து, "வந்துருச்சு!" என்று ஒரு குரல் கேட்டது.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"உங்கண்ணன் வெச்சுட்டுப் போனதுலேர்ந்து" என்றார் கேப்டன் இறங்கியபடியே. "அவர்கிட்ட சொல்லணும்னு நினைப்போம். அவரு வந்தா தராசைத் தடவிக் கொடுத்து, 'நல்லா...'ன்னு நிறுத்துவாரு. 'நல்லா இருக்கு சார், நல்லா இருக்கு'ன்னு நாங்களே சொல்லி அனுப்பிடுவோம். அப்புறம் எங்க புகார் சொல்றது?"

கேப்டனின் எடை எழுபத்தொன்று. அந்த எண்ணைக் கண்டால் இது மூட்டையில்லை, கேப்டன் என்று ஆபீஸ் குமாஸ்தாவுக்குத் தெரியும்; சத்தமில்லாமல் அழித்துவிடுவார். வண்டி இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னார் என்று கேப்டன் காலையில் நடக்க ஆரம்பித்ததில்தான் வந்தது வினை. மெலிந்தார். அறுபத்தெட்டு என்ற எண் குமாஸ்தாவின் கண்ணில் சிக்காமல் நழுவி, நீச்சல் குளம் வைத்திருக்கும் ஹோட்டல் ஒன்றின் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் அனுப்பாத மூட்டையை எங்கள் ஹோட்டலில் யார் அழுக்காக்கினார்கள் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

"உடம்பைக் குறைச்சது ஒரு குத்தமா?" என்றார் கேப்டன்.

"குத்தம் இல்லம்மா. குறைச்சதை ஆபீஸ்ல சொல்லியிருக்கலாம்."

"பொம்பளை எடையை ஊருக்கெல்லாம் சொல்வாளா சார்?"

மேனேஜர் தங்கையைத் தன் அறைக்கு அழைத்துப்போனார். "மேடம், நான் சுத்தி வளைக்கல. திங்கட்கிழமை புது மிஷின் கம்பெனி ஆளு வர்றாரு. அதுக்குள்ள உங்களுது நிக்காம ஓடுதுன்னு காட்டினா அவருக்கு டீ குடுத்து அனுப்பிடறேன். இல்லேன்னா அவரு பெட்டி இங்க, உங்க பெட்டி உங்க வீட்டுக்கு. கோவிச்சுக்காதீங்க."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மேனேஜருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அண்ணன் எழுதிய மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிட்டன. ஒரு கடை மூடியது, ஒரு அச்சகம் புது இயந்திரம் வாங்கியது. அவர் எழுதியதில் இன்னும் மூச்சோடு இருப்பது இந்த ஒன்றுதான். திங்கட்கிழமை இதுவும் போய்விட்டால், அண்ணன் உலகத்தில் எங்கேயும் வேலை செய்யமாட்டார்.

செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியாமலில்லை. சீரியல் போர்ட்டிலிருந்து படிக்கிற இடத்தில் ஒரு கெடு வைக்க வேண்டும். இவ்வளவு நேரம் பார், வரவில்லையென்றால் விட்டுவிட்டு வேறு வேலையைக் கவனி. இந்தத் தொழிலில் எல்லோரும் டைம்அவுட் என்பார்கள், எல்லோரும் வைப்பார்கள். அண்ணன் மட்டும் வைக்கமாட்டார். அவள் பலமுறை சண்டை போட்டிருக்கிறாள்.

"ஏண்ணா, ஒரு கெடு வெச்சா என்ன கொறைஞ்சு போகும்?"

"அது..." ஜன்னல். கண்ணாடி. "...பேசி முடிக்கட்டுமே. நடுவுல வெட்டினா யாருக்குத்தான் பிடிக்கும்?"

வாழ்நாள் முழுக்க அவருடைய வாக்கியங்களை மற்றவர்களே முடித்துவைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வாத்தியார், அண்ணி, தங்கை, காய்கறிக்காரர். அந்தக் கடுப்பைப் போய்த் தராசுக்கு இரக்கமாகக் காட்டினார் என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

மறுநாள் பட்டறையில் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராம் கோப்பைத் திறந்தாள். படிக்கிற பகுதிக்கு அவர் வைத்திருந்த பெயர் 'காத்திரு'. ஆங்கில எழுத்தில் kaathiru என்று அடித்திருந்தார். உள்ளே இருந்ததே சொற்ப வரிகள்தான். போர்ட்டைப் பார், எழுத்து வந்தால் எடு, வராவிட்டால் மறுபடி பார். அவ்வளவுதான். அவள் விரலை விசைகளின் மேல் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள்.

அண்ணி சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"என்னடி வாலு, கம்ப்யூட்டருக்குக் கை ஜோசியம் பாக்கறியா?"

'வாலு' அண்ணன் வைத்த பெயர். நாற்பது தாண்டியும் அது அவளை விடவில்லை.

"இதை மாத்தணும் அண்ணி. கை வரமாட்டேங்குது."

அண்ணி திரையை எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரை அவர் எப்போதும் 'என் சக்களத்தி' என்றுதான் சொல்வார். "இதுல எது அவரு எழுதினது?"

"எல்லாமே."

"சரி. எது தகராறு?"

"இந்த அஞ்சாறு வரி."

அண்ணி பக்கத்து முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அவரோட நீலச் சட்டையைக் கிழிச்சு வீடு துடைக்கறேன் நான். அழுதுட்டே கிழிச்சேன், ஆனா துணி நல்ல துணி, தண்ணி நல்லா இழுக்குது. நீ அஞ்சாறு வரிக்குக் கோயில் கட்டிட்டு உக்காந்திருக்கே. மாத்துடி. சாப்பிட்டுட்டு மாத்து."

சாப்பிட்டாள். மாற்றினாள். இரண்டு நொடி கெடு. எண்ணுக்கும் இரண்டு நொடி, எடைக்கும் இரண்டு நொடி. வரவில்லையென்றால் கையிலிருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆபீஸைக் கவனி, பிறகு வந்து புதிதாகக் கேள். பட்டறையில் கிடந்த அதே மாதிரித் தராசில் பழைய டெலிபோன் டைரக்டரிகளைப் பையில் போட்டு மாட்டிப் பார்த்தாள். எண்ணை அழுத்திவிட்டுச் சும்மா இருந்து பார்த்தாள். கல்லாய்ச் சமைவது நின்றுவிட்டது. சாயங்காலமே ஆலைக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணி பட்டறையில் இருக்கும்போதே ஆபீஸ் குமாஸ்தாவின் போன் வந்தது. தங்கை அதை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மேடம், அந்த நாடகக் குழு மறுபடி ஆரம்பிச்சுட்டாங்களா?"

"எந்த நாடகக் குழு?"

"நாப்பத்திரெண்டாம் நம்பர். போன வருஷமே கலைஞ்சு போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இன்னைக்கு ஏழு கிலோ துணி அனுப்பியிருக்காங்களே?"

"துணியை நீங்க பாத்தீங்களா?"

"இல்ல, திரையிலதான் இருக்கு. இன்னொண்ணு. முப்பத்தெட்டு ஒரு குழந்தைகள் காப்பகம். அவங்க பதினொரு கிலோவாம். அடுத்ததா ஐம்பத்தஞ்சு. அப்படி ஒரு வாடிக்கையாளரே நமக்குக் கிடையாது மேடம், ஆனா அவரும் மூணு கிலோ அனுப்பியிருக்காரு."

அவள் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதினாள். நாற்பத்திரண்டு, ஏழு. முப்பத்தெட்டு, பதினொன்று. ஐம்பத்தைந்து, மூன்று. எழுதியதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு முகம் சூடானது. ஏழு என்பது நகரத்து விடுதியின் எண். பதினொன்று ஆஸ்பத்திரி. மூன்று ஒரு சாப்பாட்டு விடுதி. எண்ணெல்லாம் எடையாகியிருந்தது, எடையெல்லாம் எண்ணாகியிருந்தது.

நடந்தது இதுதான். நீச்சல் குள ஹோட்டலின் துண்டுகள் எப்போதும் சொட்டச் சொட்ட வரும். அந்த மூட்டையைக் கொக்கியில் மாட்டினால் ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆட்டம் அடங்குவதற்குள் அவள் வைத்த இரண்டு நொடி போய்விட்டது. புரோகிராம் ஹோட்டலின் எண்ணைத் தூக்கிப் போட்டது. அப்புறம் தராசு நிதானமாக நாற்பத்திரண்டு கிலோ என்று சொன்னது. புரோகிராமோ அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தது, வந்தது நாற்பத்திரண்டு, சரி, நாடகக் குழு என்று குறித்துக்கொண்டது. எடை விழுந்த கையோடு அடுத்த எண்ணை அழுத்துவது கேப்டனின் வழக்கம்; உடனே நகரத்து விடுதியின் ஏழு வந்தது. அதை எடை என்று எடுத்துக்கொண்டது. சினிமாக் கொட்டகையில் ஒருத்தர் தப்பான நாற்காலியில் உட்கார, வரிசையே ஒவ்வொரு நாற்காலியாகத் தள்ளிப்போன கதை. காய்ந்த டைரக்டரியை மாட்டி அவள் பரீட்சை வைத்திருந்தாள். டைரக்டரி ஆடாது.

"சிரிக்காதீங்க அண்ணி."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். முடியவில்லை. அண்ணன் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். "செத்துப்போன நாடகக் குழுவுக்கு உயிர் குடுத்துட்டியேடி!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இது எங்க வீட்டுல தினமும் நடக்கறதுதான். உங்கண்ணன் 'எனக்கு...'ன்னு ஆரம்பிப்பாரு. காபின்னு நினைச்சு நான் எழுந்து போயிடுவேன். அடுப்படியில நிக்கறப்போ 'முதுகுல சொறியணும்'னு பின்னாடியே வருவாரு. அதுக்குள்ள நான் 'சர்க்கரை எவ்வளவு'ன்னு கேட்டிருப்பேன். 'அழுத்தி, நல்லா அழுத்தி'ம்பாரு. ஸ்ட்ராங்கா கேக்கறாருன்னு நான் தூளைக் கொட்டுவேன். கடைசியில கசக்கற காபியைக் குடிச்சுட்டு, முதுகைக் கதவு நிலையில தேச்சுக்கிட்டுப் போவாரு, பாவம்."

தங்கையும் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் சட்டென்று நிறுத்தினாள்.

"அண்ணி, அவரு ஒண்ணுமே பேசாம உக்காந்திருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என் வேலையைப் பாப்பேன். அப்பப்போ எட்டிப் பாத்துப்பேன்."

"'எனக்கு'ன்னு ஆரம்பிச்சுட்டா?"

"அப்போ நின்னு கேட்டிருக்கணும்" என்றார் அண்ணி. கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "பொழுது விடிஞ்சா நூறு வேலை, எங்க நிக்கறது."

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லாமல் இருப்பது வேறு, சொல்ல ஆரம்பித்து நடுவில் மூச்சு விடுவது வேறு. இரண்டுக்கும் அவள் ஒரே கெடு வைத்திருந்தாள். தராசு மௌனமாக இருக்கும்வரை புரோகிராம் சும்மா எட்டிப் பார்த்தால் போதும். கண்ணிமைக்கும் நேரம் கேட்கட்டும், ஆபீஸைக் கவனிக்கட்டும், மறுபடி கேட்கட்டும். அங்கே எதையும் தூக்கிப் போட வேண்டாம். மௌனம் ஒரு பிழை இல்லை. எண் வந்துவிட்டால் கதை மாறுகிறது. அந்த எண்ணைக் கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டே ஆபீஸையும் கவனிக்க வேண்டும். எடை வர ஒரு பெரிய கெடு கொடுக்க வேண்டும். அந்தப் பெரிய கெடுவும் தாண்டினால்தான் எண்ணை விடலாம். விட்டதைக் கேப்டனின் எதிரே இருக்கும் திரையில் சொல்லியும்விட வேண்டும். அதற்குப் பிறகு எடை வந்து சேர்ந்தாலும் எண்ணின் நாற்காலியில் உட்காரக் கூடாது. முழுக் கிலோவானாலும் எடையில் தசமப் புள்ளி உண்டு, எண்ணில் கிடையாது. புள்ளியோடு வருகிறவருக்கு அங்கே இடமில்லை.

பெரிய கெடு எவ்வளவு? அதைப் பட்டறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. சனிக்கிழமை ஆலைக்குப் போனாள்.

"இருக்கறதுலயே ஈரமான மூட்டை எது?"

"குளத்துத் துண்டுதான்" என்றார் கேப்டன். "ஏன், துவைச்சுத் தரப்போறியா?"

"மாட்டி ஒரு ஆட்டு ஆட்டுங்க. வேகமா."

"எவ்வளவு வேகமா?"

"உங்க மேனேஜர் மேல கோவம் வந்தா எவ்வளவு வேகமோ அவ்வளவு."

கேப்டன் விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே தள்ளினார். மூட்டை தண்டவாளத்தைத் தொடுகிற மாதிரி பறந்து, தங்கையின் முகத்தில் சோப்பு வாசனைத் தண்ணீரைத் தெளித்துவிட்டுத் திரும்பியது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். எத்தனை முறை ஆட்டினாலும் பத்துப் பன்னிரண்டு நொடியில் அடங்கியது. கேப்டனுக்கு இன்னும் கோபம் வரக்கூடும் என்று இருபதாக வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் தானே கீபேடுக்கு வந்தார். நீச்சல் குள ஹோட்டலின் எண்ணை அழுத்திவிட்டு, "நான் போறேன், லாரிக்காரன் கூப்பிடறான்" என்று சத்தமாகச் சொல்லி, ஆபீஸுக்குள் போய்த் திரைக்கு முன்னால் நின்றார். கேப்டனின் கை தானாகக் கொக்கியை நோக்கிப் போனது.

"தொடாதீங்கம்மா!" என்று மேனேஜர் உள்ளேயிருந்து கத்தினார்.

திரைகள் ஓடின. குமாஸ்தா ஒரு பழைய பில்லைத் திறந்தார், மூடினார், இன்னொன்றைத் திறந்தார். தங்கை கீபேடுக்கு மேலிருந்த திரையைப் பார்த்தாள். இருபது நொடி அவ்வளவு நீளம் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. 'மூட்டை வரவில்லை, எண்ணை மறுபடி அழுத்தவும்' என்று எழுத்து வந்தது. வந்த கையோடு கேப்டன் சொட்டுகிற மூட்டை ஒன்றை மாட்டி, வேண்டுமென்றே ஆட்டிவிட்டார். தராசு தாமதமாக எடையைச் சொன்னது. புரோகிராம் அதைக் காதில் வாங்கி, எழுதாமல் விட்டது. எண்ணை மறுபடி அழுத்தி மாட்டினார்கள். எண் எண்ணின் இடத்தில் உட்கார்ந்தது, எடை எடையின் இடத்தில் உட்கார்ந்தது.

"நாடகக் குழு?" என்று மேனேஜர் குமாஸ்தாவைக் கேட்டார்.

"வரல சார்."

புது மிஷின் கம்பெனிக்காரர் பதினொரு மணிக்கு வந்தார். மேனேஜர் சொன்னபடியே அவருக்கு டீ கொடுத்தார். இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார், ஏனென்றால் அவர் வெகு தூரத்திலிருந்து வந்திருந்தார்.

"இனிமே நான் தொங்க வேண்டியதில்லையா?" என்றார் கேப்டன், தங்கையை வழியனுப்ப வந்தபோது. "கைக்கு நல்ல பயிற்சியா இருந்துச்சு. கெடுத்துட்டே போ."

சாயங்காலம் அண்ணியிடம் சொன்னபோது அவர், "அப்போ அவரு வேலையில இருக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போனார்.

மழைக்காலம் வருவதற்குள் ஆலையில் இன்னொரு கொக்கி வைத்தார்கள். அதற்கும் வேலை தங்கைக்குத்தான் வந்தது. புதுத் தராசு படபடவென்று பேசக்கூடியது. பழையதையும் அதே வேகத்துக்கு ஏற்றிவிடலாமே என்று மேனேஜர் கேட்டார். புரோகிராமில் வேகத்தைச் சொல்லும் ஓர் எண்ணை மாற்றினால் போதும்தான். எடை சொல்ல இப்போதைய வேகமே தாராளம் என்று சொல்லிவிட்டாள். பழைய கொக்கித் தராசு, அண்ணன் முதல் நாள் வைத்துவிட்டுப் போன அதே நிதானத்தில், நொடிக்கு இரண்டாயிரத்து நானூறு பிட் வேகத்திலேயே இன்னும் பேசுகிறது.